ஆலைக்குப் பூட்டுப் போடலாம், நஞ்சுக்குப் பூட்டு ஏது?



இந்தப் பகுதியில் வழக்கமாக இனிப்புநீர், ரத்தக் கொதிப்பு, எலிக் காய்ச்சல் என்று நம் லயங்களில் அன்றாடம் பார்க்கிற வியாதிகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். இந்தத் தடவை கண்ணுக்கே தெரியாத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். அதற்கு வாசனை கிடையாது, ருசி கிடையாது, தொட்டால் சுடாது. ஆனால் ஆலை மூடி, முதலாளி ஊர் திரும்பி, அங்கே வேலை செய்தவனும் செத்து, அவன் பேரனும் கிழவனான பிறகும் அது கிடந்த இடத்திலேயே கிடக்கும். கதிரியக்கக் கழிவு என்று அதற்குப் பெயர்.

"நாம் பால்மரம் வெட்டுகிறோம், பழம் வெட்டுகிறோம். நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிற்பேட்டைகள் ஆகின்றன. நம் பிள்ளைகள் அந்தத் தொழிற்சாலைகளில்தான் வேலைக்குப் போகிறார்கள். கழிவு கொட்ட இடம் தேடுகிறவர்களும் பெரிய பட்டணத்தின் நடுவில் தேடுவதில்லை. ஏழை ஜனங்கள் இருக்கிற ஓரத்தில்தான் தேடுகிறார்கள். நம் நாட்டிலேயே நடந்த ஒரு கதை இதற்குச் சாட்சி.

எந்தப் புக்கிட் மேரா?

பினாங்கிலிருந்து தெற்கே போகும்போது தைப்பிங்குக்கு முன்னால் ஏரிக்கரையில் ஒரு புக்கிட் மேரா வரும். பிள்ளைகளைச் சுற்றுலாவுக்குக் கூட்டிப் போயிருப்பீர்கள். நான் சொல்வது அந்த ஊர் அல்ல. இது ஈப்போவுக்குப் பக்கத்தில், லஹாட் அருகே உள்ள புக்கிட் மேரா புதுக்கிராமம். ஏறக்குறைய 11,000 ஜனங்கள் வாழ்ந்த இடம். பெரும்பாலும் சீனர்கள்; நம்மைப் போலவே கைவேலை செய்து பிழைத்தவர்கள்.

அந்த வட்டாரம் முழுக்கக் கிந்தா பள்ளத்தாக்கு. ஒரு காலத்தில் உலகத்துக்கே ஈயம் கொடுத்த மண் அது. ஈய லம்பங்களில் மண்ணைக் கழுவி ஈயத்தை எடுத்துக்கொண்ட பிறகு, கனமான கறுப்பு மணல் மிஞ்சும். அதற்கு 'அமாங்' என்று பெயர். லம்பங்கள் ஓய்ந்தாலும் அமாங் மிஞ்சியது. அதற்குள் மோனசைட் என்ற ஒரு தாது இருக்கிறது. நம் முன்னோர் ஊரான தமிழ்நாட்டில், கன்னியாகுமரிப் பக்கம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருப்பதும் இதே தாதுதான்.

மோனசைட்டிலிருந்து 'அரிய மண்' என்று சொல்லப்படும் உலோகங்களைப் பிரித்தெடுக்கலாம். மின் கருவிகளுக்கும் காந்தங்களுக்கும் அவை தேவை. நல்ல விலை போகும். ஆனால் மோனசைட்டில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு வரை தோரியமும் உண்டு. தோரியம், யுரேனியத்தின் பங்காளி மாதிரி; இரண்டுமே கதிர் வீசுகிறவை. பழைய கல்யாண வீடுகளில் காஸ் விளக்கில் வெள்ளைப் பை கட்டிக் கொளுத்துவோமே, அந்தப் பை பளிச்சென்று எரிய அந்தக் காலத்தில் அதில் சேர்த்தது இந்தத் தோரியத்தைத்தான்.

1979-இல் 'ஏசியன் ரேர் எர்த்' என்ற கம்பெனி தொடங்கப்பட்டது. ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் அதில் முக்கியப் பங்குதாரர். 1982-இல் புக்கிட் மேராவில் ஆலை ஓட ஆரம்பித்தது. அரிய மண் கப்பலேறிப் போனது. தோரியக் கழிவு நம் நாட்டிலேயே தங்கிவிட்டது.

நீறு பூத்த நெருப்பு

தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: "ஐயா, எக்ஸ்ரே எடுத்தாலே உடம்புக்கு ஆகாது என்கிறார்களே?" எக்ஸ்ரே மிஷின் கரண்டு ஓடும்போது மட்டும்தான் கதிர் வீசும். ஸ்விட்சை அணைத்தால் நின்றுவிடும். டாக்டர் சொல்லி எடுக்கிற எக்ஸ்ரேக்குப் பயப்பட வேண்டாம். தோரியத்துக்கும் யுரேனியத்துக்கும் ஸ்விட்ச் கிடையாது. நீறு பூத்த நெருப்பு மாதிரி அவை கனன்றுகொண்டே இருக்கும். தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. கொளுத்தினாலும் அழியாது, காற்றில் கலந்து பரவத்தான் செய்யும்.

எவ்வளவு காலம் கனலும்? ஒரு பங்கு தோரியம் அரைப் பங்காகக் குறைய 1,400 கோடி ஆண்டு ஆகும். யுரேனியத்துக்கு 450 கோடி ஆண்டு. "இவ்வளவு மெதுவாகக் கரைகிறது என்றால் கதிரும் கொஞ்சமாகத்தானே வரும்?" என்று யோசிக்கத் தெரிந்தவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மலையடியில், மணலில் சிதறிக் கிடக்கும்வரை அது உண்மைதான். ஆனால் ஆலையில் தாதுவை மாவாக அரைத்து, ரசாயனம் போட்டு வேகவைத்து, மற்றதையெல்லாம் பிரித்துவிட்டுத் தோரியத்தை ஒரே இடத்தில் குவிக்கிறார்கள். தோரியம் சும்மாவும் இருப்பதில்லை. அது சிதையச் சிதைய ரேடியம் போன்ற வேறு பொருள்களைப் பெற்றுப் போடுகிறது. அந்தப் பிள்ளைகள் தாயைவிட வேகமாகக் கதிர் வீசுகிறவை. ஒன்று தீரத் தீர இன்னொன்று பிறந்துகொண்டே இருக்கும். ஆகவே குவித்த கழிவைத் திறந்த வெளியில் போடக்கூடாது.

உடம்புக்குள் என்ன செய்கிறது?

இந்தப் பொருள்கள் மூன்று விதமான கதிர்களை வீசுகின்றன. ஒன்று, உடம்பை ஊடுருவிப் போகும்; காமா கதிர் என்பார்கள். கழிவுக் குவியலுக்குப் பக்கத்தில் நடமாடினாலே அது படும். இன்னொன்று ஆல்பா. இது ஒரு தாளைக்கூடத் தாண்டாது. நம் தோலே அதைத் தடுத்துவிடும். ஆனால் தூசியாக மூக்கு வழியாகவோ, தண்ணீரோடும் காய்கறியோடும் வாய் வழியாகவோ உள்ளே போய்விட்டால் மூன்றிலும் மோசமானது இதுதான். உள்ளே தோல் கிடையாது; பக்கத்திலிருக்கும் உயிரணுக்களை நேராகச் சுட்டுக்கொண்டே இருக்கும். மூன்றாவது பீட்டா, இரண்டுக்கும் நடுத்தரம்.

தூசி நுரையீரலில் தங்கினால் பல ஆண்டுகள் கழித்து நுரையீரல் புற்றுநோய் வரலாம். ரேடியத்தின் குணம் வேறு. அது சுண்ணாம்புச் சத்துக்குச் சொந்தக்காரன். பாலில், கீரையில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தை உடம்பு எலும்புக்குக் கொண்டு போகிறதல்லவா? ரேடியத்தையும் அதே மாதிரி நினைத்து எலும்பில் கொண்டு போய் வைத்துவிடும். எலும்புக்குள் இருக்கிற மச்சையில்தான் நம் ரத்தம் உற்பத்தியாகிறது. அந்த இடத்தில் கதிர் பட்டால் ரத்த அணுக்கள் தாறுமாறாகப் பெருகக்கூடும். அதைத்தான் ரத்தப் புற்றுநோய் என்கிறோம்.

வளரும் பிள்ளைக்கு ஆபத்து அதிகம். பிள்ளையின் அணுக்கள் வேகமாகப் பிரிந்து பெருகுகின்றன. பிரிகிற அணு அடி தாங்காது. வயிற்றிலிருக்கும் சிசு அதைவிட மென்மையானது. தரையில் விளையாடி, கையை வாயில் வைப்பதும் பிள்ளைகள்தான்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். கதிர் பட்ட மறுநாளே வியாதி வராது. ரத்தப் புற்றுநோய் வர இரண்டு முதல் ஐந்து ஆண்டாவது ஆகும். மற்ற புற்றுநோய்களுக்குப் பத்து, இருபது ஆண்டும் ஆகலாம். அதற்குள் வேலை போயிருக்கும், கம்பெனி போயிருக்கும், சம்பளத் துண்டும் காணாமல் போயிருக்கும். "இந்த வேலையால்தான் வந்தது" என்று நிரூபிக்க ஏழையிடம் எதுவும் இருக்காது.

ஊர் ஜனங்கள் கேட்ட கேள்வி

ஆலை ஓடத் தொடங்கியபோது கழிவை எங்கே வைப்பது என்பது முடிவாகவில்லை. கதையின் வேரே இங்குதான் இருக்கிறது. கழிவு ஆலைக்குப் பக்கத்துத் திறந்த வெளியிலும் குட்டையிலும் கிடந்தது. பக்கத்து ஊரான பப்பானில் கிடங்குக் குழிகள் வெட்டுவது தெரிந்து 1984-இல் ஜனங்கள் சாலையை மறித்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அனைத்துலக அணுசக்தி நிறுவனத்தின் நிபுணர்கள் வந்து பார்த்து, குழிகள் சரியில்லை என்றார்கள். பிறகு கிடங்கைக் கிளேடாங் மலைப் பகுதிக்கு மாற்றினார்கள்.

அதே 1984-இல் ஜப்பானிய மரபியல் பேராசிரியர் சடாவோ இச்சிகாவா வந்து புக்கிட் மேராவில் அளந்து பார்த்தார். அளவு அனுமதித்ததை மிஞ்சியிருந்தது. கனடாவிலிருந்து டாக்டர் ரோசலி பெர்டெல் வந்தார். நம் பினாங்கிலிருந்து டாக்டர் ஜெயபாலன் போய் ஊர்ப் பிள்ளைகளைப் பரிசோதித்தார். 1969-இல் ஜார்ஜ் டவுனில் தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கமும், சகாபாட் அலாம் மலேசியாவும் ஊருக்குத் துணை நின்றன. இரண்டுக்கும் தலைவராக இருந்த எஸ்.எம். முகமது இட்ரிஸ் 2019-இல் காலமானார். பினாங்குக்காரர்கள் பெருமைப்பட வேண்டிய செய்தி இது.

சுமார் 11,000 பேர் உள்ள அந்த ஊரில் ஐந்து ஆண்டுகளுக்குள் எட்டுப் பேருக்கு ரத்தப் புற்றுநோய் கண்டது. ஏழு பேர் இறந்தார்கள். சாதாரணமாக ஒரு லட்சம் பிள்ளைகளில் ஆண்டுக்கு மூன்று முதல் ஐந்து பேருக்குத்தான் இந்த நோய் வரும். இந்தக் கணக்கை வைத்துப் பாருங்கள். அதே சமயம், இந்த நோய்க்கு வேறு காரணங்களும் உண்டு. சின்ன ஊரில் தற்செயலாகவும் எண்ணிக்கை கூடலாம். ஆலைதான் காரணம் என்பதைக் கம்பெனி கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. எந்தப் பிள்ளைக்கு எதனால் வந்தது என்று ரத்தத்தைப் பார்த்துச் சொல்லும் சோதனையும் கிடையாது. ஆகவே அளந்து பார்ப்பதை முன்கூட்டியே செய்ய வேண்டும். ஆலை வருவதற்கு முன் ஊரின் நிலை என்ன என்று எழுதி வைக்காவிட்டால், பிறகு எதை வைத்து ஒப்பிடுவது?

ஜெயித்தும் தோற்றும்

1985 பிப்ரவரியில் எட்டு ஊர்க்காரர்கள் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அந்த அக்டோபரில் இடைக்காலத் தடை கிடைத்தது. 1987 பிப்ரவரியில் உரிமம் பெற்று ஆலை மறுபடி ஓடியது. ஏப்ரலில் 10,000 பேர் ஊர்வலம் போனார்கள். அக்டோபரில் லாலாங் நடவடிக்கையில் நாடு முழுக்க நூற்றுக்கு மேற்பட்டவர்களை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்தபோது, ஊர்க் குழுவினரும் அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் மீனாட்சி ராமனும் அதில் இருந்தார்கள். ஆனாலும் வழக்கு நிற்கவில்லை.

1992 ஜூலை 11-இல் உயர் நீதிமன்றம் ஊர்க்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பதினான்கு நாளில் ஆலையை மூட வேண்டும் என்றது. கம்பெனி மேல்முறையீடு செய்தது. 1993 டிசம்பர் 23-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. அணுசக்தி உரிம வாரியத்திடம் ஊர்க்காரர்கள் முறையிட்டிருக்க வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஆனால் ஜெயித்த கம்பெனியே 1994 ஜனவரியில் ஆலையை மூடுவதாக அறிவித்துவிட்டது.

கதை முடிந்தது என்று நினைப்பீர்கள். மருத்துவப் பகுதிக்கு இங்குதான் கதை ஆரம்பிக்கிறது.

மூடிய பிறகு வந்த வேலை

ஆலை ஓடியது பன்னிரண்டு ஆண்டுகூட இல்லை. நடுவில் நிறுத்தமும் உண்டு. ஆனால் அதைச் சுத்தம் செய்யும் வேலை, மூடிப் பதினேழு ஆண்டு கழித்தும், 2011-இல் நடந்துகொண்டிருந்தது. அதற்குள் 11,000 லாரி அளவுக்கு மாசுபட்ட பொருளை அள்ளியிருந்தார்கள். கட்டடத்தை மட்டும் இடித்தால் போதவில்லை. அதன் அடியிலிருந்த மண்ணைச் சில இடங்களில் 25 அடி ஆழம்வரை, பாறை தட்டும்வரை தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. ஐந்து கிலோமீட்டர் தள்ளிக் காட்டில் ஒரு குன்றின் தலையைச் சீவி, அதற்குள் இதைப் புதைத்து, மேலே 20 அடிக்கு மேல் களிமண்ணும் கருங்கல்லும் போட்டு மூடினார்கள். கழிவு அடைத்த பீப்பாய்கள் மட்டும் 80,000-க்கு மேல். செலவு ஏறக்குறைய 10 கோடி அமெரிக்க டாலர்.

யோசித்துப் பாருங்கள். தோரியம் அங்கேயேதான் இருக்கிறது. அழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. அந்தக் குன்றை யார் காவல் காப்பது, மழையில் மண் அரிக்கிறதா என்று யார் பார்ப்பது, கீழே ஓடும் தண்ணீரை யார் அளப்பது? இந்தக் கடமை நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளுக்கும் பாக்கி இருக்கிறது. லாபம் ஒரு தலைமுறைக்கு, காவல் ஆயிரம் தலைமுறைக்கு.

இது நம் நாட்டு வியாதி மட்டும் அல்ல. அமெரிக்காவில் நவஹோ என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தில் 1944 முதல் 1986 வரை ஏறக்குறைய 3 கோடி டன் யுரேனியத் தாது வெட்டி எடுத்தார்கள். 500-க்கும் மேற்பட்ட சுரங்கங்களை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். அங்கே கிடந்த கல்லை அள்ளிக் குடிசை கட்டியவர்கள் உண்டு. சுரங்கத்திலிருந்து தூசியோடு வந்த புருஷனின் உடுப்பைக் கையால் துவைத்த பெண்கள் உண்டு. 1979 ஜூலையில் அங்கே சர்ச் ராக் என்ற இடத்தில் கழிவுக் குளத்தின் கரை உடைந்து, ஆடு மாடு தண்ணீர் குடிக்கும் ஆற்றில் கழிவு போய்ச் சேர்ந்தது. நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது 1990-இல்தான். அதற்குள் எத்தனையோ சுரங்கத் தொழிலாளர்கள் நுரையீரல் புற்றுநோயில் போய்விட்டார்கள்.

அந்தப் பெண்கள் துவைத்த உடுப்பு நமக்குப் புதிதா? மருந்து தெளிக்கிறவர் உடுப்பைப் பிள்ளையின் சட்டையோடு ஒரே வாளியில் போட்டு ஊறவைக்கிற வழக்கம் நம் லயங்களில் இன்னும் போகவில்லை. நஞ்சு வேறு, வழி ஒன்றுதான்.

தாய்மார்கள் கவனிக்க

ரத்தப் புற்றுநோய் எந்த ஊர்ப் பிள்ளைக்கும் வரலாம். கீழே உள்ளவை இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் சும்மா இருக்காதீர்கள்:

1. காரணமில்லாமல் பிள்ளை வெளிறிப் போவது, விளையாடாமல் சோர்ந்து படுப்பது.
2. விட்டுவிட்டு வரும் காய்ச்சல்.
3. அடிபடாமலே தோலில் நீலத் தழும்பு, சிவப்புப் புள்ளி; ஈறில், மூக்கில் ரத்தம்.
4. காலெலும்பு வலிக்கிறது என்று ராத்திரியில் அழுவது.
5. கழுத்தில், அக்குளில் கட்டி, வயிறு உப்பல்.

ரத்தம் கசிந்தாலோ புள்ளி கண்டாலோ இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டாம், அன்றே கொண்டு போங்கள். டெங்கியிலும் அப்படி வரும். இவை இருந்தால் புற்றுநோய்தான் என்று அலறவும் வேண்டாம். பெரும்பாலும் சோகை, பூச்சி, சாதாரணக் காய்ச்சலாகத்தான் இருக்கும். அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் ஒரு ரத்தச் சோதனை செய்தால் பாதி சந்தேகம் தீரும். மந்திரித்துப் பார்க்கலாம் என்று மாதத்தைக் கடத்தாதீர்கள். பிள்ளைகளுக்கு வழக்கமாக வரும் ரத்தப் புற்றுநோயில், முறையான சிகிச்சை கிடைத்தால் இன்று பத்தில் எட்டுப் பிள்ளைகள் பிழைக்கிறார்கள். புக்கிட் மேரா காலத்தில் இந்த வாய்ப்பு இவ்வளவு இல்லை.

நாம் என்ன செய்ய வேண்டும்?

ஒன்று: தோட்டத்துக்குப் பக்கத்தில் எந்த ஆலை வந்தாலும் முதல் கேள்வி, "கழிவு எங்கே போகும்?" என்பதாக இருக்கட்டும். "எத்தனை பேருக்கு வேலை?" என்பது இரண்டாவது கேள்வி. புக்கிட் மேரா ஆலை வந்தபோது சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை கேட்கும் சட்டம் இல்லை. 1988 ஏப்ரலில்தான் அமலுக்கு வந்தது. இப்போது இருக்கிறது. பெரிய திட்டங்களின் அறிக்கையைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்து எழுதலாம். 2012-இல் குவாந்தான் அருகே கெபெங்கில் லைனாஸ் அரிய மண் ஆலை ஓடத் தொடங்கியபோது, ஜனங்கள் முதலிலேயே கழிவைப் பற்றிக் கேட்டார்கள். புக்கிட் மேரா கற்றுக்கொடுத்த பாடம் அது.

இரண்டு: பழைய லம்பத்து மணலையும் அமாங் கொட்டகைக் கறுப்பு மணலையும் வீட்டு வாசலுக்கோ, பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கோ அள்ளி வராதீர்கள். மஞ்சளில் கறுப்பு விசிறிச் சின்னம் போட்ட பீப்பாய், பெட்டி எதையும் பழைய இரும்புக்காகக்கூடத் தொடாதீர்கள். போலீசுக்குச் சொல்லுங்கள்.

மூன்று: தூசி வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். என்ன பொருளைக் கையாளுகிறோம் என்று கேட்பது உரிமை. 1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டப்படி, 40 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். வேலை உடுப்பை ஆலையிலேயே மாற்றுங்கள். முடியாவிட்டால் தனி வாளியில் துவையுங்கள். சாப்பிடுமுன் கை கழுவுங்கள். கர்ப்பமாக இருந்தால் உடனே நிர்வாகத்துக்குத் தெரிவித்து வேலையை மாற்றச் சொல்லுங்கள்.

நான்கு: சம்பளத் துண்டு, வேலைக் கடிதம், சொக்சோ தாள், மருத்துவச் சோதனைத் தாள் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். கம்பெனி மூடினாலும் எறியாதீர்கள். இருபது ஆண்டு கழித்து டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "முன்னே எங்கே வேலை செய்தீர்கள்?" என்பதாக இருக்கலாம். அன்றைக்கு அந்தப் பைதான் உங்களுக்குச் சாட்சி.

ஐந்து: நம்மோடு வேலை செய்யும் வங்காளதேசி, இந்தோனேசியத் தொழிலாளர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். தூசி பாஸ்போர்ட் பார்த்து மூக்கில் நுழைவதில்லை.

சந்தேகம் இருந்தால் உங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியிலோ கிளைச் செயலாளரிடமோ தயங்காமல் கேளுங்கள். எட்டுப் பேர் துணிந்து கேட்டதால்தான் புக்கிட் மேராவின் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது. அந்த மண்ணையும் 25 அடி தோண்டிச் சுத்தம் செய்தார்கள். கேட்காத ஊரின் மண்ணை யார் தோண்டுவார்கள்?